பிழையை அழிக்காமல் வெட்டி எழுதுவோம்

(நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாக, எமது பாடசாலை மண்டபத்தில் ஆசிரியர்களுக்கும் உயர்தர மாணவியருக்கும் நடத்தப்பட்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன் என்று மூன்று விதமாகவும் வாழ்த்துச் சொல்லப் பழகியது இந்த மண்டபத்தில்தான்.

மைக்கின் முன்னால் நிற்பது ஒரு வைத்தியர். பேசுவதோ 1995 இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பு முழுவதும். இந்த உரையை எங்கள் வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சேர்ந்தே எழுதினோம். கண்டியிலிருந்தும் கம்பளையிலிருந்தும், டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரிகள் வந்தன. ஆகவே "நான்" என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, மாணவியருக்கு இணைய நல்லொழுக்கத்தைக் கற்பித்தலும் ஆசிரியரின் வாண்மை விருத்தியும். இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் ஆசிரியைகளாக இருப்பவர்கள் சிரித்தார்கள். "ஊசி போடுகிறவர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இணையத்தில் நாங்கள் செய்த மிகப் பெரிய பிழையைச் செய்தது ஓர் ஆசிரியை அல்ல, ஒரு வைத்தியர். அதனால்தான் அவரே பேசட்டும் என்று வகுப்பு தீர்மானித்தது.

விதிகளை வாசிக்க நாங்கள் வரவில்லை. இரவு நேரத்தில் செய்தி அனுப்பாதே, பெரிய எழுத்தில் கத்தாதே, பிறர் படத்தைக் கேளாமல் போடாதே, வந்ததையெல்லாம் அனுப்பாதே. இந்தப் பட்டியல் இன்று பல பாடசாலைகளின் அறிவித்தல் பலகையில் இருக்கிறது. தரம் 6 பிள்ளையும் ஒப்புவிப்பாள். 2018 மார்ச் 6ஆம் திகதி இரவு எங்களுக்கும் இந்த விதிகள் நன்றாகத் தெரிந்துதான் இருந்தன.

அந்த நாட்களை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தங்கைமாருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். பெப்ரவரி கடைசியில் தெல்தெனியவில் ஒரு வீதித் தகராறில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர், மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தார். அதையடுத்து திகன, தெல்தெனியப் பக்கங்களில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு. 6ஆம் திகதி நாடு முழுவதற்கும் அவசரகால நிலை. 7ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் முடக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு வாரம் அப்படியே கிடந்தன. வெறுப்பைப் பரப்பத் தனது தளம் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. கண்டியைச் சுற்றி நடந்ததை உலகம் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டது. ஆனால் அதை அயல்வீட்டிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள்.

அதற்குச் சில நாட்கள் முன்னர், பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் ஓர் உணவகத்தில் கொத்துரொட்டியில் ஏதோ வெள்ளையாக இருந்தது. அது மலட்டு மாத்திரை என்று கிளம்பிய கதை கைபேசிகளில் ஓடியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னது, அது வெறும் மாவுக் கட்டி என்று. உணவில் கலந்துகொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லை. மருத்துவ பீடத்தில் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவம் படித்தவர்களுக்கும் தெரியும். அதை அன்றே எங்கள் குழுக்களில், மூன்று மொழியிலும், பெயர் போட்டு எழுதியிருக்கலாம். நாங்கள் எழுதவில்லை. "அரசியல் நமக்கெதற்கு" என்று இருந்துவிட்டோம். மௌனமும் இணையத்தில் ஒரு நடத்தைதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

இனி மார்ச் 6ஆம் திகதி இரவு.

ஊரடங்கு. எல்லோரும் வீட்டுக்குள். எங்கள் குழுவில் ஐம்பதுக்குக் கிட்டப் பேர். அவர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், கண்டிக்கு வெளியே ஒரு சிற்றூரில் வயதான தகப்பனாருடன் இருந்தார். இரவு ஒன்பதரை மணியளவில் எங்களில் ஒரு வைத்தியரின் கைபேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பதற்றமான ஆண் குரல். அந்த ஊரின் பெயரைச் சொல்லி, இன்றிரவு அந்த வீதிக்குக் கும்பல் வருகிறது, உடனே வெளியேறச் சொல்லுங்கள் என்றது. யாருடைய குரல் என்று தெரியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தோழிக்கு ஆபத்து என்ற பதைப்பில் அந்த வைத்தியர் அதைக் குழுவில் போட்டார். போட்டது மட்டுமல்ல, கீழே ஒரு வரியும் எழுதினார்: "நம்பத்தகுந்த இடத்திலிருந்து வந்தது."

நம்பத்தகுந்த இடம் எதுவும் இருக்கவில்லை. எழுதியவர் வைத்தியர் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். ஐந்து நிமிடத்தில் இருபது பேர் "உடனே போ", "வீட்டை விடு" என்று எழுதினார்கள். அவர் தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு, ஊரடங்கு வேளையில், பின்வளவால் இறங்கி இன்னோர் உறவினர் வீட்டுக்குப் போனார். அவசரத்தில் இன்சுலின் குளிரூட்டியிலேயே தங்கிவிட்டது. ஊரடங்கு என்பதால் திரும்பி எடுக்க வழியில்லை. அடுத்த நாள் பிற்பகல் அந்த முதியவரைச் சர்க்கரை எகிறிய நிலையில் வைத்தியசாலையில் சேர்க்க வேண்டி வந்தது. பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். அந்த இரவு அந்த வீதிக்கு எவரும் வரவில்லை.

அந்த வைத்தியரின் கைபேசி, இப்போது இந்த மேசையில் இருக்கும் கைபேசிக்கு முந்தியது.

உண்மை தெரிந்ததும் நாங்கள் என்ன செய்தோம்? அந்தச் செய்தியை அழித்தோம். எல்லோருக்குமாக அழிக்கும் வசதி அப்போது புதிது. சில நிமிடங்களுக்குள் செய்யவேண்டும். அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே எங்கள் கைபேசியில் மட்டும் அழித்தோம். அவருடைய கைபேசியில் அது அப்படியே இருந்தது. மறுநாள் இணையத் தடை வந்தது. வட்ஸ்அப் இல்லையே, எப்படிப் பேசுவது என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். சாதாரண தொலைபேசி அழைப்பு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தடை நீங்கிய சில நாட்களில் குழுவில் ஒரு சாம்பல் நிற வரி விழுந்தது: அவர் வெளியேறிவிட்டார். "பாவம், மனம் நொந்திருப்பார்" என்றோம். சில நாட்களில் காலை வணக்கப் படங்கள் மீண்டும் வரத் தொடங்கின.

இந்த இடத்தில் எங்கள் கணித டீச்சரை நினைக்கிறோம். இன்று அவர் நம்மிடையே இல்லை. அழிறப்பரை எடுத்தாலே கையைப் பிடித்துவிடுவார். "பிழையை அழிக்காதே. ஒரு கோடு போட்டு வெட்டு. கீழே சரியானதை எழுது. எங்கே பிழைத்தாய் என்று எனக்கும் தெரியவேண்டும், உனக்கும் தெரியவேண்டும்" என்பார். வெட்டுக் கோடு ஒன்றுதான் இருக்கவேண்டும்; கீழே இருப்பது வாசிக்கத் தெரியவேண்டும். மருத்துவ பீடத்திலிருந்து விடுதிகளுக்குப் போனபோது, நோயாளியின் கட்டில் சீட்டில் பிழை விட்டால் என்ன செய்வது என்று எங்களுக்குச் சொல்லித்தந்ததும் இதையேதான். கிறுக்கி மறைக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. ஒரு கோடு, பக்கத்தில் கையொப்பம், திகதி. டீச்சர் சொன்னதுதானே இது என்று பேராதனையில் நின்று சிரித்தோம். பிறகு, கைபேசி கைக்கு வந்ததும், அழிறப்பரைத்தான் முதலில் தேடினோம்.

இரண்டு வருடமும் ஒன்பது மாதமும் கழிந்தன. இடையில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 13ஆம் திகதியிலிருந்து பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரே இரவில் ஆசிரியர்கள் எல்லோரும் இணைய ஆசிரியர்களானார்கள். அதற்கு எவரும் அவர்களைப் பயிற்றவில்லை. கைபேசியோ டேட்டாவோ எவரும் கொடுக்கவுமில்லை. அந்த வருட டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று செய்தி பரவி, ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நெருக்கியடித்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரத்தில் எங்களில் அதே வைத்தியருக்கு ஒரு செய்தி வந்தது. வெளியேறிய தோழியிடமிருந்து. அவர் ஆசிரியை, வேறொரு பாடசாலையில் தரம் 8 இற்கு விஞ்ஞானம் கற்பிக்கிறார். அனுமதி பெற்று அந்தச் செய்தியை வாசிக்கிறோம்:

"ஸலாம். எங்கள் வகுப்புப் பெற்றோர் குழுவில் கேகாலைப் பாணி பற்றி ஒரு வீடியோ போகிறது. நான் பதில் எழுத முன் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வேலை முடிந்த பிறகு பதில் தந்தால் போதும்."

தங்கைமாரே, இணைய நல்லொழுக்கம் என்று நாம் தேடுவது முழுவதும் இதற்குள் இருக்கிறது. விஷயம் என்ன, யார் பரப்புகிறார்கள், ஏன் கேட்கிறார் என்பது தெளிவாக இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்கிறார். அனுப்புமுன் கேட்கிறார். மறுபக்கத்தில் இருப்பவர் விடுதியில் ஓய்வில்லாமல் நிற்கிறார் என்பதை நினைத்து அவகாசமும் தருகிறார். இதை எழுதியது, எங்களுடைய அவசரத்தால் தகப்பனாரை இழக்கப் பார்த்தவர்.

பாணியைப் பற்றிய பதிலோடு அந்த வைத்தியர் மன்னிப்பும் எழுதினார். வந்த பதில் இது: "எனக்குத் தனியாகச் சொல்லவேண்டாம். எங்கே எழுதினீர்களோ அங்கே எழுதுங்கள்."

அன்றிரவு குழுவில் எழுதினோம். 2018 மார்ச் 6ஆம் திகதி போட்ட குரல் பதிவு பொய் என்றும், நம்பத்தகுந்த இடம் என்று எழுதியதும் பொய் என்றும், அதனால் என்ன நடந்தது என்றும். எழுதி முடித்ததும் ஒரு மணித்தியாலம் எவரும் எதுவும் போடவில்லை. பிறகு ஒவ்வொருவராக, "நானும் அன்று போ என்று எழுதினேன்" என்று எழுதத் தொடங்கினார்கள். அடுத்த கிழமை அவர் குழுவுக்குத் திரும்பி வந்தார்.

இந்த உரைக்காக, இணையவழி வகுப்பைத் தரம் 8 பிள்ளைகளோடு எப்படி நடத்தினார் என்று அவரிடம் நீண்ட நேரம் கேட்டோம். அவர் சொன்னவற்றில் சிலவற்றை ஆசிரியர்களுக்கு முன்னால் வைக்கிறோம்.

முதலில் அவர் கண்டுகொண்டது, பிள்ளையின் கைபேசி என்று ஒன்று இல்லை என்பது. அது அம்மாவின் கைபேசி, அல்லது கொழும்பில் வேலை செய்யும் அப்பா வீட்டில் விட்டுப்போன பழைய கைபேசி. அதில் வரும் செய்தியை அண்ணன் வாசிப்பான், மாமி வாசிப்பார். ஆகவே புள்ளிகளைக் குழுவில் போடுவதை அவர் முதல் வாரத்திலேயே நிறுத்தினார். வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் ஒருவருடைய இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரியும் என்பதையும் அப்போதுதான் யோசித்தாராம். பெண்பிள்ளைகளின் வகுப்பில் இது சிறிய விஷயமல்ல. பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்துச் சம்மதம் கேட்டார். சம்மதிக்காத மூன்று வீடுகளுக்குப் பாடத்தைத் தனியாக அனுப்பினார்.

இரண்டாவது, கமரா. சூம் வகுப்பில் ஒரு பிள்ளை ஒருநாளும் முகத்தைக் காட்டவில்லை. மரியாதை இல்லாத பிள்ளை என்று நினைத்துவிட்டாராம். ஒருநாள் காற்றுச் சத்தம் தாங்காமல் "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டபோது, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக்கு மேலே தேயிலை மலையில், சிக்னல் கிடைக்கும் ஒரு பாறையில் குடையோடு இருப்பதாகச் சொன்னாள். வீட்டில் ஓர் அறை. அதில் ஆறு பேர். அன்று தொடக்கம் கமராவை மூடிவைப்பதற்கு அவர் வகுப்பில் காரணம் கேட்கப்படவில்லை. மலையகத்துப் பிள்ளைகளுக்கு எது மரியாதை என்று சொல்லுமுன் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று நாம் பார்க்கவேண்டும்.

மூன்றாவதுதான் எங்களை உலுக்கியது. ஒருநாள் இரவு, பகலெல்லாம் ஓடியாடிய களைப்பில், குரல் பதிவில் ஒரு பிழை விட்டார். தாவரங்கள் இரவில் மட்டும் சுவாசிக்கின்றன என்று சொல்லிவிட்டார். அவை இரவும் பகலும் சுவாசிக்கின்றன. ஒளித்தொகுப்புத்தான் ஒளி வேண்டியது. மறுநாள் ஒரு பிள்ளை தனியாக எழுதினாள்: "டீச்சர், குறை நினைக்கவேண்டாம், புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது." அந்தப் பதிவை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டிருக்கலாம். அவர் அழிக்கவில்லை. அந்தப் பதிவுக்கே மறுமொழியாக இன்னொரு பதிவு போட்டார். "நேற்று நான் சொன்னது பிழை. சரியானது இது. கவனித்துப் பண்பாகச் சொன்ன பிள்ளைக்கு நன்றி." அம்மாமார், அண்ணன்மார், மாமிமார் எல்லோரும் கேட்டார்கள். டீச்சருக்கே தெரியவில்லை என்று ஒருவராவது சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள் தங்கள் விடைகளைத் தாங்களே வெட்டி எழுதி அனுப்பத் தொடங்கினார்களாம். வதந்தி ஒன்றைப் போட்ட ஒரு தாயும், "நான் அனுப்பியது உண்மையல்ல, மன்னிக்கவும்" என்று அதே குழுவில் எழுதினார். எந்தச் சுற்றுநிருபமும் இதைச் செய்வித்திருக்காது.

வாண்மை விருத்தி என்றதும் சான்றிதழும் பயிற்சிப் பட்டறையும்தான் நினைவுக்கு வருகின்றன. வலயக் கல்விப் பணிமனையின் கருத்தரங்குகளும் மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் பாடநெறிகளும் வேண்டியவையே, குறைசொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் தோழி சூமை இயக்கக் கற்றது தன் மகளிடம். ஒவ்வொரு இரவும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் "இன்று சரிவந்தது, இன்று பிழைத்தது" என்று இரண்டு நிரல் எழுதினார். மூன்று தவணையில் கொப்பி நிரம்பியது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோது, அவருடைய பாடசாலையின் இளம் ஆசிரியைகள் அந்தக் கொப்பியைப் படியெடுத்து வைத்துக்கொண்டார்கள். இருபது வருடச் சேவைக்குப் பிறகு தான் ஆசிரியையாக வளர்ந்தது அந்தக் கொப்பியில்தான் என்கிறார்.

வைத்தியசாலைகளிலும் இப்படி ஒன்று உண்டு. எங்கே தவறியது, அடுத்த முறை என்ன செய்வது என்று, இறந்த நோயாளிகளைப் பற்றிப் பெரியவரும் சிறியவரும் ஒன்றாக இருந்து பேசும் கூட்டம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பது அதன் நோக்கம். எல்லா நாளும் அப்படி நடப்பதில்லை. ஆனால் அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் எங்கள் தொழில் ஓர் அடியும் முன்னேறாது. 1847 இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவச் சொன்னார். நூற்றுக்குப் பத்துக்கும் மேலாக இருந்த தாய்மார் மரணம் ஓரிரண்டாகக் குறைந்தது. அப்படியும் பல பெரிய வைத்தியர்கள் அதை ஏற்கவில்லை. எங்கள் கைகளா அழுக்கு என்று கோபித்தார்கள். நல்லெண்ணத்தோடு வந்த கைகள்தான் அவை. எங்கள் வகுப்பின் கைகளும் அன்று அப்படித்தான் இருந்தன.

இன்னொரு காட்சி. கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளில் ஒரே சாயலில் பலரைப் பார்த்திருக்கிறோம். எவரையும் அடையாளம் காட்டாதபடி சேர்த்துச் சொல்கிறோம். பதினான்கு, பதினைந்து வயது. காலையில் வயிற்றுவலி. சனி ஞாயிறு வலி இல்லை. பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டால் மெல்ல வரும்: இணைய வகுப்பில் வாய் திறந்தபடி இருந்த அவள் முகத்தை யாரோ படமெடுத்து ஸ்டிக்கராக்கிவிட்டார்கள், வகுப்பே அனுப்பி விளையாடுகிறது. இப்போது அதற்கும் மேலே போய், ஒருவருடைய முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் வேறெதிலும் ஒட்டிவிட முடிகிறது. இதை அறிந்தவுடன் வீட்டில் செய்யும் முதல் வேலை கைபேசியைப் பறிப்பது. பிள்ளைக்கு அது தண்டனை. அடுத்த முறை இன்னும் பெரியது நடந்தால் அவள் வாய் திறக்கமாட்டாள். ஆசிரியர்களே, பெற்றோரே, அந்த நேரத்தில் சொல்லவேண்டியது ஒன்றுதான்: "சொன்னது நல்லது. உன்னில் பிழையில்லை." பிறகு படத்தைச் சான்றாகச் சேமித்து, அதிபரிடம் போகலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழைக்கலாம். தங்கைமாரே, அந்த இலக்கத்தை நீங்களே நேரடியாகவும் அழைக்கலாம். மனம் தாங்கவில்லை என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

ஸ்டிக்கர் செய்த பிள்ளையும் நம் பிள்ளைதான். அவளை இடைநிறுத்தினால் அழிறப்பர் பிடித்ததாகும். எங்கே போட்டாளோ அங்கே எழுதவைப்பது கடினம். ஆனால் அதில்தான் அவள் கற்றுக்கொள்வாள்.

தொழினுட்பமும் கொஞ்சம் கற்றிருக்கிறது. 2018 நடுப்பகுதியிலிருந்து வட்ஸ்அப் "முன்னனுப்பியது" என்று அடையாளம் காட்டுகிறது. 2019 ஜனவரியிலிருந்து ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுவுக்கு மேல் அனுப்ப முடியாது. பலமுறை கைமாறிய செய்தியில் இரட்டை அம்புக்குறி தெரியும். 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு தடவைக்கு ஒருவருக்கே அனுப்பலாம். இரட்டை அம்பைக் கண்டால் அது பல கை கடந்து, சொந்தக்காரர் இல்லாமல் வந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். ஆனால் ஐந்து பேருக்கு அனுப்பினாலும் பொய் பொய்தான். எங்கள் குரல் பதிவு ஒரே ஒரு குழுவுக்குத்தான் போனது.

எங்கள் வகுப்பு நூற்றாண்டுக்காக மூன்று காரியங்களை ஏற்றிருக்கிறது. இந்தப் பாடசாலையில் தவணைக்கு இரு தடவை, ஒரு மணித்தியாலம், ஆசிரியர்கள் தங்கள் இணைய அனுபவத்தில் பிழைத்ததைக் கூடிப் பேச, அதிபர் இடம்தர இசைந்திருக்கிறார். அதற்கு மதிப்பெண்ணும் இல்லை, அறிக்கையும் இல்லை. முதல் கூட்டத்தில் பேசப்போவது எங்கள் தோழியும் அவருடைய கொப்பியும். இரண்டாவது, தரம் 6 தொடக்கம் ஒவ்வொரு வகுப்பும் தன் குழுவுக்கான ஒழுங்கைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதவைக்கும். ஆசிரியரும் அதில் கையொப்பமிடுவார், அவருக்கும் அது பொருந்தும். மூன்றாவது, மருத்துவம், சட்டம், கணினித் துறைகளில் உள்ள பழைய மாணவியர் சிலர், ஆசிரியர்கள் அனுப்புமுன் கேட்பதற்கென்று தங்கள் இலக்கங்களைத் தந்திருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு பதில் வரும்.

இந்த மலரை எங்கெங்கோ இருந்து வாசிக்கப்போகும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு சொல். பிள்ளைகள் நம் அறிவுரையை வாசிப்பதில்லை. நம் கைபேசியைத்தான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். உங்கள் வகுப்புக் குழுவைத் திறந்து, சாம்பல் நிற வரியோடு வெளியேறிய ஒருவர் இருக்கிறாரா என்று மேலே தேடிப் பாருங்கள். அவர் ஏன் போனார் என்று எவராவது கேட்டீர்களா?

கடைசியாக ஒன்று. இந்த உரையின் முதல் வரைவில் இணையத் தடை வந்த திகதியைப் பிழையாக எழுதிவிட்டோம். அதைக் கண்டு சொன்னவர் எங்கள் தோழிதான். வட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் குறுக்கே கோடு போடவும் வழி இருக்கிறது என்று அவரே காட்டித்தந்தார். பிழையான திகதி வெட்டுப்பட்டபடி, கீழே சரியான திகதியோடு, எங்கள் குழுவில் இன்னும் இருக்கிறது. கணித டீச்சர் பார்த்திருந்தால் ஒரு சரி போட்டிருப்பார்.